பத்து நிமிடத்தில் தானே குணமாகும் வண்டி

நெடுஞ்சாலையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு மோட்டார் சைக்கிள் இரண்டு மூன்று முறை திணறிவிட்டு நின்றுபோகிறது. டேங்கில் பெட்ரோல் இருக்கிறது. எத்தனை முறை உதைத்தாலும் கிளம்ப மறுக்கிறது. ஓட்டி வந்தவர் அலுத்துப்போய்ப் புளியமர நிழலில் உட்காருகிறார். பத்து நிமிடம் கழித்து ஒரு முறை உதைத்துப் பார்க்கிறார். என்ன வியப்பு! எதுவுமே நடக்காததுபோல் எஞ்சின் ஓடத் தொடங்குகிறது. ஆனால், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் மறுபடியும் அதே கதை.

மாணவ நண்பர்களே, இதில் ஒரு புதிர் இருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தில் யாரும் வண்டியைத் தொடவில்லை. அப்படியானால் அதைப் பழுது பார்த்தது யார்?

பழைய வண்டியை வாங்கி நெடுந்தூரம் செல்பவர்களுக்கு இது பழகிப்போன தொல்லைதான். ஆனால் இதன் விடை உங்கள் இயற்பியல் புத்தகத்தில் காற்றழுத்தம் பற்றிய பாடத்தில் இருக்கிறது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போம்.

எஞ்சின் கேட்கும் மூன்று பொருள்கள்

ஜெர்மனியைச் சேர்ந்த நிக்கலஸ் ஓட்டோ 1876-ஆம் ஆண்டில் நான்கு வீச்சு எஞ்சினை இயக்கிக் காட்டினார். 1885-இல் டைம்லர், மைபாக் என்ற இருவர் அத்தகைய எஞ்சின் ஒன்றை மரச் சட்டமுள்ள இருசக்கர வண்டியில் பொருத்தினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை பெட்ரோல் எஞ்சின் கேட்பவை மூன்றே பொருள்கள்: பெட்ரோல், காற்று, உரிய நேரத்தில் ஒரு மின்பொறி.

பெட்ரோலும் காற்றும் எந்த அளவில் சேர வேண்டும் தெரியுமா? ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிராம் காற்று வேண்டும். பருமனில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று! இந்தக் கலவையைத் தயாரிக்கும் பகுதியே கார்புரேட்டர். எஞ்சின் நிமிடத்திற்கு 5,000 சுற்றுச் சுழலும்போது, சிலிண்டருக்குள் நிமிடத்திற்கு 2,500 முறை கலவை பற்றி எரிய வேண்டும். மூன்றில் எந்த ஒன்று தவறினாலும் வண்டி நின்றுவிடும்.

ஆகவே, "வண்டி ஏன் நின்றது?" என்ற பெரிய கேள்வியை, "மூன்றில் எது தவறியது?" என்ற சிறிய கேள்வியாக மாற்றிக்கொள்ளலாம். பாதி வேலை முடிந்தது!

ஒரே அறிகுறி, இரண்டு சந்தேகங்கள்

ஓடினால் நிற்பது, ஓய்வெடுத்தால் ஓடுவது. இந்த அறிகுறியைக் கேட்டதும் பெரும்பாலோர் சொல்வது, "வண்டி சூடாகிவிட்டது." இது வெறும் ஊகமன்று. மின்பொறிக்கு வேண்டிய பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தத்தைத் தருவது ஒரு தூண்டு சுருள். செப்புக் கம்பியின் மின்தடை, வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். 60 டிகிரி உயர்ந்தால் 24 சதவீதம்! இதை நல்ல சுருள் தாங்கிக்கொள்ளும். ஆனால் பழைய சுருளில் கம்பிகளைப் பிரிக்கும் காப்புப் பூச்சு தேய்ந்திருந்தால், சூட்டில் சுற்றுகளுக்கிடையே மின்சாரம் கசியும்; பொறி மங்கும்; எஞ்சின் நிற்கும். ஆறியதும் மறுபடி வேலை செய்யும்.

இரண்டாவது சந்தேகம் பெட்ரோல் மீது. டேங்கில் பெட்ரோல் இருப்பது வேறு, அது கார்புரேட்டருக்கு வந்து சேர்வது வேறு. வழியில் எங்கோ தடை இருந்தால், கார்புரேட்டரின் அடியிலுள்ள மிதவைக் கிண்ணம் மெல்ல மெல்லக் காலியாகும். பத்து நிமிட ஓய்வில் சொட்டுச் சொட்டாக வந்து மறுபடி நிரம்பும்.

இரண்டு காரணங்களும் ஒரே அறிகுறியையே காட்டுகின்றன. இவற்றைப் பிரித்தறிவது எப்படி? என்னிடம் படித்த மாணவர் ஒருவரின் பயணம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

குறிப்பேடு சொன்ன செய்தி

அந்த மாணவரின் அண்ணன், ஏறத்தாழ இருபது ஆண்டுப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தார். குன்னூரில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. வேலையில் சேர்வதற்கு முன் இரண்டு நாள் நீலகிரியைச் சுற்றிப் பார்க்கலாம் என்று இருவரும் திருச்சியிலிருந்து அதிகாலையில் புறப்பட்டார்கள். டேங்கை முழுதாக நிரப்பி, அதன் மேல் ஒரு துணிப்பையையும் இறுகக் கட்டியிருந்தார்கள். ஊருக்குள் ஓட்டியவரை அந்த வண்டி ஒரு நாளும் தொல்லை கொடுத்ததில்லை.

கரூர்ச் சாலையில் வேகம் எடுத்த 8 கிலோமீட்டரில் வண்டி நின்றது. பத்து நிமிடம் கழித்துக் கிளம்பியது. அடுத்து 10 கிலோமீட்டரில் நின்றது. பிறகு 12, பிறகு 13. கரூரில் ஒரு மெக்கானிக் பையை அவிழ்த்து, மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிளக்கை மாற்றினார். வண்டி ஒரே உதையில் கிளம்பியது. இம்முறை 16 கிலோமீட்டர் ஓடி நின்றது. "பிளக் மாற்றியதில் கொஞ்சம் தேவலை" என்றார் அண்ணன். வெள்ளகோவிலில் இன்னொரு மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். அங்கேயே டேங்கையும் முழுதாக நிரப்பிக்கொண்டார்கள். காங்கேயம் சாலையில் மறுபடி 8 கிலோமீட்டரில் நின்றது!

அண்ணனுக்குக் கோபம் பொங்கியது. கார்புரேட்டரைத் தொட்டவர் கெடுத்துவிட்டார், இல்லையேல் பெட்ரோலில் ஏதோ கலப்படம் என்பது அவர் முடிவு. மாலைக்குள் மேட்டுப்பாளையம் போய்ச் சேராவிட்டால், இந்த வண்டியுடன் இருட்டில் மலைப்பாதையில் ஏற வேண்டியிருக்கும். திரும்பிப் போய்விடலாமா என்ற பேச்சும் எழுந்தது.

தம்பி மட்டும் சட்டைப் பையிலிருந்து சிறு குறிப்பேட்டை எடுத்தார். ஒவ்வொரு முறை நின்றபோதும் எத்தனை கிலோமீட்டர் என்று எழுதி வைத்திருந்தார்: 8, 10, 12, 13, 16, மறுபடி 8.

இந்த எண்களைக் கவனியுங்கள். சூடுதான் காரணமென்றால் என்ன நடக்க வேண்டும்? முதல் முறை எஞ்சின் குளிர்ந்த நிலையிலிருந்து புறப்பட்டது. ஆகவே அதிக தூரம் ஓடியிருக்க வேண்டும். பிறகு பத்து நிமிடத்தில் பாதி ஆறிய எஞ்சின், வெயிலும் ஏறிய நிலையில், மேலும் மேலும் சீக்கிரமாக நின்றிருக்க வேண்டும். எண்கள் குறைய வேண்டும். இங்கோ அவை கூடுகின்றன! பயணம் முழுவதும் ஒரே சீராக மாறிவந்தது எது? டேங்கிலிருந்த பெட்ரோலின் அளவு. அது குறையக் குறைய வண்டி அதிக தூரம் ஓடியது. நிரப்பியதும் பழைய 8-க்கே திரும்பியது.

நிறைந்த டேங்க் சீக்கிரம் நிற்பதா? விந்தையாக இருக்கிறதல்லவா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பதினான்கு மீட்டர் பெட்ரோல்

மளிகைக் கடையில் எண்ணெய் டின்னைத் திறப்பவரைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மூலையில் துளையிட்ட பிறகு எதிர் மூலையிலும் ஒரு துளை போடுவார். ஒன்று எண்ணெய் வெளியே வர. மற்றது காற்று உள்ளே போக. இரண்டாவது துளை இல்லாவிட்டால் எண்ணெய் விட்டு விட்டுத்தான் ஒழுகும். மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கிலும் இந்த இரண்டாவது துளை உண்டு. பெரும்பாலான வண்டிகளில் அது டேங்க் மூடியில், கண்ணில் படாத அளவுக்குச் சிறியதாக இருக்கும். அது தூசியால் அடைபட்டால் என்ன ஆகும்?

1643-இல் டாரிசெல்லி செய்த சோதனையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வளிமண்டல அழுத்தம் 76 சென்டிமீட்டர் பாதரசத்தைத் தாங்கும். பாதரசத்தின் ஒப்படர்த்தி 13.6, பெட்ரோலின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 0.74. எனவே அதே அழுத்தம் எவ்வளவு உயரப் பெட்ரோலைத் தாங்கும்?

76 × 13.6 ÷ 0.74 = ஏறத்தாழ 1,400 செ.மீ., அதாவது 14 மீட்டர்.

டேங்கில் உள்ள பெட்ரோலின் மேற்பரப்புக்கும் கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்துக்கும் இடையே உள்ள உயரமோ சுமார் 30 செ.மீ.தான். இந்த 30 செ.மீ. எடையால்தான் பெட்ரோல் கீழே இறங்குகிறது. இது 14 மீட்டரில் 2 சதவீதம். ஆகவே டேங்கினுள் காற்றழுத்தம் வெறும் 2 சதவீதம் குறைந்தாலே போதும். வெளிக்காற்று பெட்ரோலைத் தாங்கிப் பிடித்துவிடும். ஒரு சொட்டும் இறங்காது!

டேங்க் முழுதாக நிரம்பியிருக்கும்போது மேலே உள்ள காற்று ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். பாயில் விதிப்படி, அழுத்தம் 2 சதவீதம் குறைய, அதன் பருமன் 2 சதவீதம் விரிந்தால் போதும். அதாவது 20 மி.லி. பெட்ரோல் வெளியேறினாலே அந்த நிலை வந்துவிடும். டேங்கில் காற்று 4 லிட்டராக இருந்தால் அதற்கு 80 மி.லி. வெளியேற வேண்டும். பெட்ரோல் ஆவியும் உள்ளே இருப்பதால் கணக்கு சற்று மாறும். ஆயினும் போக்கு இதுதான்: காற்றிடம் குறைவாக இருந்தால் அழுத்தம் விரைவாக விழும். நிறைந்த டேங்க் சீக்கிரம் நின்றதன் மர்மம் விளங்கிவிட்டது.

ஊருக்குள் ஏன் நிற்கவில்லை என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. இரண்டு பேரும் சுமையுமாக லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடும் வண்டி, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்திற்கு 25 மி.லி. பெட்ரோல் குடிக்கும். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது நிமிடத்திற்கு 10 மி.லி. போதும். பாதி அடைபட்ட துளை நிமிடத்திற்கு 15 மி.லி. காற்றை உள்ளே விடுவதாகக் கொண்டால், ஊருக்குள் பஞ்சமில்லை. நெடுஞ்சாலையில் நிமிடத்திற்கு 10 மி.லி. பற்றாக்குறை. போதாக்குறைக்கு மூடியின் மேல் இறுகக் கட்டிய பை வேறு!

அந்தப் பத்து நிமிடத்தில் வண்டியைப் பழுது பார்த்தது யார் என்று இப்போது சொல்லலாம். அடைப்பின் ஊடே மெல்லக் கசிந்து உள்ளே போன காற்றுதான்.

ஊகத்தைச் சோதித்தல்

காரணம் பொருத்தமாக இருக்கிறது என்பதால் அது உண்மையாகிவிடாது. சோதனை வேண்டும். அண்ணன் வழக்கம்போல் நிழலுக்கு நடக்கத் தொடங்கியபோது தம்பி தடுத்தார்.

"அண்ணே, இந்தத் தடவை காத்திருக்க வேண்டாம். சாவியை அணைச்சுட்டு, பையை நகர்த்தி மூடியை மட்டும் திறங்க."

மூடி திறந்தபோது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபடும் ஒலி கேட்டது. மூடியை மூடி, அரை நிமிடம் விட்டு உதைத்ததும் வண்டி கிளம்பியது. அண்ணன் முகம் மலர்ந்தது. தம்பிக்கு அது போதவில்லை. அடுத்த முறை நின்றபோது, மூடியைத் திறக்காமல் அதே அரை நிமிடம் மட்டும் காத்திருந்து உதைக்கச் சொன்னார். கிளம்பவில்லை. பிறகு மூடியைத் திறந்து மூடி, மறுபடி அரை நிமிடம் விட்டு உதைத்தார்கள். கிளம்பியது. காத்திருந்த நேரம் ஒன்றே. மாறியது மூடி மட்டுமே. இப்போதுதான் ஐயம் தீர்ந்தது. மூடியின் துளையில் களிமண்போல் இறுகியிருந்த தூசியை மெல்லிய கம்பியால் அகற்றி, துடைத்து, பையைப் பின் இருக்கைக்கு மாற்றினார்கள். அதன் பிறகு மேட்டுப்பாளையம்வரை வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை.

பிளக்கை மாற்றியதும் வண்டி கிளம்பியதே, அது ஏன்? மாற்றுவதற்குள் பத்து நிமிடம் கடந்திருந்தது. டேங்க் மூடியும் ஒரு முறை திறக்கப்பட்டிருந்தது. புதுப் பிளக்குக்குக் கிடைத்த பாராட்டு உண்மையில் மூடியைச் சேர வேண்டியது. கார்புரேட்டரைச் சுத்தம் செய்தவர் மீது விழுந்த பழியோ டேங்கை நிரப்பியதைச் சேர வேண்டியது. ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தது என்பதால் மட்டும் முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதே சோதனையின் முதல் விதி.

பொறியைச் சோதிக்கும்போது

மூடியைத் திறந்தும் வண்டி கிளம்பாவிட்டால்? அப்போது மின்பொறியைச் சந்தேகிக்கலாம். எரிபொருள் குறைவால் நிற்கும் எஞ்சின் பெரும்பாலும் திணறி, மூச்சு வாங்கி நிற்கும். சோக்கை இழுத்தால் சில விநாடி உயிர் பெறும். மின்சுற்று அறுபட்டால் சாவியை அணைத்ததுபோல் சட்டென்று நிற்கும்.

மெக்கானிக்குகள் பிளக்கைக் கழற்றி எஞ்சின் மீது வைத்து, பொறி வருகிறதா என்று பார்ப்பார்கள். வராவிட்டால் குற்றம் மின்சுற்றில் என்பது உறுதி. வந்துவிட்டால்? சுற்று நன்றாக இருக்கிறது என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. 1889-இல் பாஷென் என்ற ஜெர்மானிய அறிஞர், வாயுவினூடே பொறி பாயத் தேவையான மின்னழுத்தம் வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியையும் பொறுத்தது என்று காட்டினார். சிலிண்டருக்குள் கலவை பல மடங்கு அழுத்தப்பட்டிருக்கும்போது, அதே இடைவெளியைத் தாண்ட மிக அதிக மின்னழுத்தம் வேண்டும். திறந்த வெளியில் பொறி விடும் நலிந்த சுருள், உள்ளே தோற்றுப்போகலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி நிற்கும். பெட்ரோல் வாடை இருக்கும் இடத்தில் பொறிச் சோதனை செய்வது ஆபத்து. டேங்க் மூடியைத் திறக்குமுன் எஞ்சினை அணைத்துவிட வேண்டும். அருகில் நெருப்பு, பீடி, சிகரெட் எதுவும் கூடாது. மூடியைத் திறந்துவைத்து வண்டியை ஓட்டவே கூடாது. கியர் வண்டி ஓட்டுவதற்கான உரிமம் பெற 18 வயது நிறைய வேண்டும் என்பதால், இச்சோதனைகளைப் பெரியவர்கள் செய்ய, நீங்கள் குறிப்பேட்டுடன் அருகில் இருங்கள். அது சிறிய வேலையன்று என்பதை மேலே பார்த்தோம்.

மலை மேல் வேறு கதை

நம் சகோதரர்கள் உதகமண்டலம் சேர்ந்தபோது வண்டி மறுபடி நின்றது! ஆனால் இப்போது ஓடும்போது நிற்கவில்லை. வளைவுகளில் வேகம் குறைத்து, ஆக்சிலேட்டரை விட்டபோதுதான் அணைந்தது. உடனே கிளம்பவும் செய்தது. அறிகுறி மாறினால் காரணமும் மாறும்.

உதகை கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சாதாரணக் கார்புரேட்டர் தரும் பெட்ரோல் அதே விகிதத்தில் குறைவதில்லை. ஆகவே கலவையில் பெட்ரோல் மிகுந்துவிடுகிறது. எஞ்சினின் வலுவும் குறைகிறது. நிதானமாகச் சுழலும்போது அந்தச் சிறு வலுவும் போதாமல் அணைந்துவிடுகிறது. இந்த நேரத்தில் சோக்கை இழுத்தால் நோய் முற்றும். நிதானச் சுழற்சிக்கான திருகைச் சிறிது கூட்டினால் போதும். சமவெளிக்கு இறங்கியதும் பழையபடி வைத்துவிட வேண்டும். 2020 ஏப்ரலில் நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகு, புது மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் கார்புரேட்டருக்குப் பதில் மின்னணுக் கருவி பெட்ரோலை அளந்து தெளிக்கிறது. அது காற்றழுத்தத்தை உணர்ந்து அளவை மாற்றிக்கொள்ளும்.

பழைய வண்டியில் நெடும்பயணம் புறப்படுமுன் மூடியின் துளை, பெட்ரோல் வடிகட்டி, பேட்டரி இணைப்பு, பிளக் இடைவெளி இந்த நான்கையும் பார்த்துக்கொள்வது நல்லது. நெடுநாள் நின்ற வண்டியானால் டேங்கின் அடியில் நீர் தங்கியிருக்கும்; நீர் பெட்ரோலைவிடக் கனமானதால் அதுவே முதலில் கார்புரேட்டருக்கு இறங்கும்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டியின் அடிப்பகுதியில், பக்கவாட்டில் சிறு துளை ஒன்று போடுங்கள். விரலால் அடைத்துக்கொண்டு நீரை நிரப்பி, மூடியை இறுக மூடுங்கள். விரலை எடுங்கள். நீர் சிறிது ஒழுகி நின்றுவிடும். மூடியைத் தளர்த்துங்கள், மறுபடி பாயும். மூடியில் குண்டூசியால் ஒரு துளை போட்டு, எவ்வளவு நேரத்தில் புட்டி காலியாகிறது என்று அளவிடுங்கள். துளையைச் சற்றுப் பெரிதாக்கி மறுபடி அளவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற மறக்காதீர்கள்.

இரண்டு கேள்விகளுக்கு நீங்களே விடை காண முயலுங்கள். மருத்துவமனையில் கண்ணாடிப் புட்டியிலிருந்து குளுக்கோஸ் ஏற்றும்போது காற்று உள்ளே போக வழி செய்ய வேண்டியிருக்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் பையானால் அது தேவையில்லை. ஏன்? மூடியின் துளை முழுதும் அடைபட்ட ஒரு வண்டி, மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும்போது நிற்குமா, நிற்காதா? மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் என்ன ஆகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு யோசியுங்கள்.